எஸ்டேட் கதையின் முதுகுப் பக்கம்

அத்தியாயம் 16

போன வாரம் அனந்தலக்ஷ்மியை மாமியார் பாலாம்பாளின் பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்த்திவிட்டு வந்தோம். மடியில் ஒரு தடித்த பைண்டு புத்தகம். புத்தகமாகப் போட அவள் தேடிய, மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதிய சிறுகதை அதற்குள் அகப்பட்டுவிட்டது. சந்தோஷத்தோடு அடுத்த தாளைப் புரட்டினால், அங்கே வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

அகப்பட்டது பாதிக்கதைதான்.

பாலாம்பாள் வீட்டில் வாரப் பத்திரிகை இரண்டு நாளைக்குத்தான் முழுசாக இருக்கும். மூன்றாம் நாள் தொடர்கதைத் தாள்களை மட்டும் பதனமாக உருவி எடுத்துவிடுவாள். தொடர் முடிந்ததும் அத்தனையையும் அடுக்கி பைண்டு போட்டு வாங்கி வைப்பாள். மேலமாசி வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்கே அதுதான் லைப்ரரி. மிச்சப் பத்திரிகை பலசரக்குக் கடைக்குப் போகும். துணுக்கும் ராசிபலனும் சிறுகதையுமாகக் கடுகையும் சீரகத்தையும் மடித்துக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பியும் வரும்.

அனந்தலக்ஷ்மியின் 'இரண்டாவது டம்ளர்' இரண்டே பக்கம். பத்திரிகையை விரித்தால் இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி. இடது தாளின் முதுகில் பாலாம்பாள் உயிராகப் படித்த வக்கீல் கதையின் அந்த வாரக் கடைசிப் பக்கம். அதனால் முன்பாதி பிழைத்தது. வலது தாளின் முதுகில் எஸ்டேட் கதையின் அந்த வார ஆரம்பம். அது பாலாம்பாளுக்கு ஆகாத தொடர். அதனால் பின்பாதி போச்சு.

எழுதியவளிடம் வேறு பிரதி கிடையாது. அடித்துத் திருத்தி எழுதியதை அப்படியே தபாலில் போட்டவள். முடிவில் ஒரு பஸ்ஸும் ஒரு குழந்தையும் வரும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. கடைசி வரி என்ன என்று யோசித்து யோசித்து ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

மறுநாள் ஆகஸ்ட் பதினைந்து. அவள் புருஷன் சொக்கநாதன் ஆபீஸ் கொடியேற்றத்துக்குச் சட்டையில் குண்டூசிக் கொடி குத்திக்கொண்டு கிளம்பிப் போனான். வாசல் கதவைச் சாத்திவிட்டு அனந்தலக்ஷ்மி அடுப்படிக்கு வந்தாள். பாலாம்பாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, எனக்குன்னு தபால்ல வந்த பத்திரிகைய நீங்கதான் கிழிச்சீங்களா."

"எது?"

"என் கதை வந்துச்சே, அது."

"ஆமா. உனக்குச் சும்மா வந்துச்சேன்னு அந்த வாரம் நான் கடையில வாங்கல. ஒரு வீட்டுக்கு ரெண்டு எதுக்கு?"

"அதுல என் கதை இருந்துச்சு அத்தே."

"இருந்தா? எழுதுனவளே நீதான. இன்னும் எத்தன தடவ வாசிப்ப?"

அனந்தலக்ஷ்மிக்குத் தெம்பில்லை. மூன்று நாளாகப் பரண், டிரங்குப் பெட்டி, அரிசி டின் அடி என்று ஒரு இடம் விடாமல் தேடியவள். நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நீங்க அத வாசிக்கவே இல்லையா?"

"ரெண்டு பக்கத்துல முடிஞ்சு போறதுக்கெல்லாம் நான் மனசக் குடுக்கிறதில்லம்மா. ஒரு ஆளோட மூஞ்சி பழகுறதுக்குள்ள முற்றும்னு போட்டுர்றான். அந்த வக்கீல எடுத்துக்க. ஒன்றரை வருஷம் நம்ம வீட்ல ஒரு ஆளா இருந்தாரு."

அவள் வாசிக்கவில்லை என்றதில் அனந்தலக்ஷ்மிக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் உயிர் வந்தது. ஏனென்றால் அந்தக் கதையின் முன்பாதியைக் கொடுத்ததே பாலாம்பாள்தான். கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் மொச்சை உரித்தபடி பாலாம்பாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது அது. மூத்த மகள் நாகலக்ஷ்மியைத் திண்டுக்கல்லில் இருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கூச்சப்படாமல் இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டான். அவனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துபோனது. மறுநாளே பாலாம்பாள் தரகரைக் கூப்பிட்டு, இப்போதைக்குக் கல்யாணம் பண்ணுவதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நாகலக்ஷ்மியின் வாத்தியார் சம்பளத்தில்தான் வீடு ஓடியது, தம்பி சொக்கநாதன் படித்தான். மகளிடம் வேறு சொன்னாள். மாப்பிள்ளைக்கு உன்னைப் பிடிக்கவில்லையாம் என்றாள்.

பேரை மாற்றி, ஊரை மாற்றி, அதை அப்படியே எழுதினாள் அனந்தலக்ஷ்மி. பஸ்ஸும் குழந்தையும் மட்டும் அவளுடைய கற்பனை.

"அத்தே, மிச்சத் தாள் கடைக்குத்தான் போச்சா?"

பாலாம்பாள் புளிச்சக்கையைப் பிழிந்து பிழிந்து போட்டாள். சக்கையில் ஒன்றும் இல்லாத பிறகும் பிழிந்தாள்.

"கடைக்குப் போகல."

"பின்ன?"

"நாகுவுக்குப் போச்சு."

அனந்தலக்ஷ்மி நிமிர்ந்து நின்றாள். நாகலக்ஷ்மி அந்த வீட்டு வாசலை மிதித்து நாலு வருஷம். முப்பத்தாறு வயசில் தானாகவே முடிவெடுத்து, வாடிப்பட்டி தாலுகா ஆபீஸ் கிளார்க் ஹாலாஸ்யத்துக்கு இரண்டாம் தாரமாகக் கழுத்தை நீட்டிவிட்டு, மாலையோடு வந்து நின்றாள். பாலாம்பாள் கதவைச் சாத்தினாள். இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று மகள் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாகு என்ற பேரையே யாரும் எடுப்பதில்லை.

"அவளுக்கு எஸ்டேட்டு கதைன்னா உசிரு" என்றாள் பாலாம்பாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "இங்க இருந்தப்போ பத்திரிகைக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்குவோம். அங்க போயி வாங்குறாளோ என்னமோ. நம்ம தெருக்கோடி கண்டக்டர் காளைகிட்ட மடிச்சுக் குடுத்து விட்ருவேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை."

"நாலு வருஷமாவா?"

"இப்ப ஒரு டாக்டர் கதை போயிட்டிருக்கு. சொக்கன்கிட்ட சொல்லித் தொலைக்காத."

"கூட ரெண்டு வரி எழுதி வைப்பீங்களா?"

"என்னத்த எழுதுறது. தொடர்கதைதான் இருக்கே" என்று பாலாம்பாள் குழம்பைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முன்பாதித் தாளை எடுத்துக்கொள்ளவா என்று கேட்டதற்கு, பைண்டிங்கைப் பிரிக்கக் கூடாது என்றுவிட்டாள். அனந்தலக்ஷ்மி கூடத்தில் உட்கார்ந்து முன்பாதியை வெள்ளைத் தாளில் கையால் எழுதிக்கொண்டாள். தன் கதையைத் தானே காப்பியடிக்க வேண்டிய கிரகம். எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாடிப்பட்டிக்குப் போய்வருவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு, முதலில் காளவாசலுக்குக் கிளம்பினாள்.

காளவாசலில் ஆடிக்காற்று புழுதியை அள்ளி இறைத்தது. கொடியேற்றம் முடிந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் மிட்டாயோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அச்சகம்.

மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் கிறிஸ்துராஜுக்கு இருபத்தெட்டு வயசு. அவரும் நாலு சிநேகிதர்களும் சேர்ந்து சிறுகதைப் புத்தகமாகப் போடுகிறார்கள். வருஷத்தில் ஒரே மாசம்தான் போட முடியும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் பத்திரிகை கிடையாது, மிஷின் சும்மா கிடக்கும். அந்த ஒரு மாசம் அச்சகக்காரர் மனசு வைப்பார். ஆவணி பிறந்தால் அந்த மிஷினுக்கு மாப்பிள்ளை பெண் பேரைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

"வாங்கக்கா. கெடைச்சிருச்சா?" கிறிஸ்துராஜ் எழுந்து ஸ்டூலைத் தள்ளினார். கொடியேற்றத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் அதற்குள் மை.

"பாதி கெடைச்சிருக்கு தம்பி."

விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கொட்டகை மூலையில் அச்சாகி மடித்து அடுக்கியிருந்த எட்டுக் கதைகளையும், பக்கத்தில் கட்டுக்கட்டாக இருந்த அட்டையையும் பார்த்தார். அட்டையில் பெரிதாக 'இரண்டாவது டம்ளர்', கீழே அனந்தலக்ஷ்மியின் பேர்.

"அட்டை அடிச்சாச்சுக்கா. இந்தக் கதை இல்லாம இந்த அட்டைய என்ன செய்யிறது?"

"வேற பேர் வச்சுக்கலாமா?"

"நாங்க அஞ்சு பேரும் இந்தப் புத்தகத்த எடுத்ததே அந்தக் கதைக்காகத்தான். பத்திரிகையில வந்தப்ப ஸ்டாஃப் ரூம்ல சத்தமா வாசிச்சோம். முடிஞ்சதும் ஒருத்தனும் பேசல. பெல் அடிச்சும் ஒருத்தனும் எந்திரிக்கல."

"கடைசி வரி ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

கிறிஸ்துராஜ் கண்ணை மூடி யோசித்தார். "அவ இறங்கல. இறங்கலைங்கிறது ஞாபகம் இருக்கு. வரி வரமாட்டேங்குது. அந்தப் பத்திரிகையும் அப்பவே கை மாறிப் போயிருச்சு. நீங்களே திருப்பி எழுதிர முடியாதாக்கா?"

"மூணு தடவ எழுதிப் பாத்தேன். நேத்து வச்ச ரசத்தச் சுட வச்ச மாதிரி இருக்கு. சுடுது, ஆனா ருசி இல்ல."

"தொடர்கதைன்னா சமாளிச்சுரலாம். ஒரு வாரம் சறுக்குனா அடுத்த வாரம் எந்திரிச்சுக்கலாம். சிறுகதைக்கு அடுத்த வாரம் கெடையாதே." அவர் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு ஆடி கடைசி. காலையில கடை திறக்கையில மேட்டர் கையில இருந்தா, சாயங்காலத்துக்குள்ள எழுத்துக் கோத்து அடிச்சிரலாம். நாளன்னிக்கு வந்தா மொதலாளி என்னைய உள்ளயே விடமாட்டாரு. ரெண்டு கல்யாணப் பத்திரிகை இப்பவே வந்து காத்துக் கெடக்கு."

"அடுத்த ஆடிக்குப் போடலாம்ல."

"போடலாம். என்னைய வேற ஊருக்கு மாத்தப் போறாங்கன்னு பேச்சு. நான் இல்லைன்னா மத்தவனுக இதத் தூக்கிச் சுமப்பானுகளான்னு தெரியல." சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டவர் போல, "வாடிப்பட்டி பஸ்ஸு இங்கனயே நிக்கும்கா" என்றார்.

பஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் ஒரு கோழிக்கூடை, பின்னால் யாருடைய முழங்கையோ. நாத்தனாரிடம் என்ன சொல்லிக் கேட்பது? எஸ்டேட் கதை படிக்க வந்தேன் என்றா? அந்தப் பின்பாதியில் கதாநாயகிக்குப் பேர்கூடக் கிடையாது. 'அவள்' என்றுதான் போகும். எழுதியவர் பேரும் முன்பாதியில்தான் இருக்கிறது. அதனால் நாகு மதினிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். புத்தகம் வந்த பிறகு? இருநூறு முந்நூறு பிரதி போடுகிற புத்தகம் வாடிப்பட்டிக்கு எங்கே போய்ச் சேரப்போகிறது.

இந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. சமயநல்லூரில் கூட்டம் இறங்கியது. ஜன்னலோரம் கிடைத்ததும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றையும் யோசிக்காமல் இருக்கத்தான் பார்த்தாள்.

நாகலக்ஷ்மி வாசலிலேயே நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறாள். புடவையில் கஞ்சி மொடமொடப்புக்கூடக் குறையவில்லை. அனந்தலக்ஷ்மியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி. அத்தை நல்லா இருக்காங்க. புளிக்கொழம்பு வச்சிட்டிருக்காங்க."

நாகலக்ஷ்மி மூச்சை விட்டாள். "அத மொதல்ல சொல்லிட்டு படி ஏறக் கூடாதா? உள்ள வா. அவரு தாலுகா ஆபீஸ் விழாவுக்குப் போயிருக்காரு, சாயங்காலந்தான் வருவாரு. சாப்ட்டியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

சோறு போட்டாள். கேள்வி கேட்கவில்லை. அனந்தலக்ஷ்மி கையைக் கழுவிவிட்டு வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எஸ்டேட் கதை பைண்டு பண்ணி வச்சிருக்கீங்களா மதினி" என்றாள்.

"அதுக்காகவா இம்புட்டு தூரம் வந்த?"

"அதுல ஒரு தாளோட பின்பக்கம் வேணும்."

நாகலக்ஷ்மி அவளையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். தேடவில்லை. புத்தகம் தானாகவே அந்த இடத்தில் விரிந்துகொண்டது, அத்தனை தடவை விரித்திருக்கிறாள்.

"இதா?"

அனந்தலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"தலையில்லாத கதை" என்றாள் நாகலக்ஷ்மி. "யாரு எழுதுனது, பேரு என்ன, ஒண்ணும் தெரியாது. எஸ்டேட்டு கதை எழுபது வாரம் வந்துச்சு. இப்பக் கேட்டா அந்த மொதலாளிக்கு மொத்தம் எத்தன தங்கச்சின்னு எனக்கு ஞாபகமில்ல. இந்த ஒரு பக்கம் மட்டும் அப்படியே இருக்கு." அவள் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "நெரிசலான பஸ்ஸு. நிக்கிறவரு யாருன்னு பாக்காமயே அவரு பிள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிறா. அப்புறம் நிமிந்து பாத்தா, ஒரு காலத்துல அவளப் பொண்ணு பாக்க வந்தவரு. அவருக்கு அவள அடையாளம் தெரியல. பிள்ளை தூங்கிருச்சு. 'குழந்தை விழிக்கவில்லை. அவள் இறங்க வேண்டிய ஊர் ஜன்னலில் வந்தது, போனது.' அம்புட்டுதான்."

அதுதான் அந்த வரி. மூன்று நாளாக வராத வரி, வேறொருத்தி வாயில் இருந்து வந்தது. அனந்தலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் இறங்கல, தெரியுமா?" நாகலக்ஷ்மி கேட்டாள். "முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நானா வச்சுக்கிட்டேன். அவரு இவள வேணாம்னு சொல்லிட்டுப் போனவரு. பிடிக்கலைன்னு சொன்னவன் பிள்ளைய மடியில வச்சிருக்கா, தூக்கம் கலையக் கூடாதுன்னு இறங்காமப் போறா. மனசுல ஒரு கோபம் இல்ல. இத வாசிச்ச அன்னைக்குத்தான் நானும் ஒருத்தர மன்னிச்சேன். திண்டுக்கல்காரரு. உனக்குத் தெரியாது, நீ அப்ப வரல."

அனந்தலக்ஷ்மிக்குத் தெரியும். முன்பாதி இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது இப்ப உனக்கு எதுக்கு?"

பொய் சொல்லலாம். சிநேகிதி கேட்டாள் என்று சொல்லலாம். எழுதிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கத்தை மூன்று வருஷமாக மனசில் வைத்துக் காப்பாற்றியவளிடம் அவளுக்குப் பொய் வரவில்லை. களைப்பும் ஒரு காரணம். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"நான் எழுதுனது மதினி."

நாகலக்ஷ்மி சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "நெசமாவா? எங்க வீட்டுக்கு வந்தவளா எழுதுனது? முன்பக்கம் வச்சிருக்கியா?"

"வேணாம் மதினி. அது நீங்க வச்சிருக்கிற மாதிரி இல்ல."

"குடு."

"மதினி."

"மூணு வருஷமா நான் அதுக்குத் தலை வச்சுப் பாத்துட்டிருக்கேன் அனந்தம். குடு."

கொடுத்தாள். நாகலக்ஷ்மி ஜன்னல் பக்கம் போய் நின்று வாசித்தாள். ஒரே தாள்தான். வாத்தியார் அவள், வாசிக்க நேரமாகாது. ஆனால் நேரமானது. தெருவில் ஒருத்தர் கோலப்பொடி விற்றுக்கொண்டு போய், அந்தக் கோடி வரை சத்தம் கேட்டு அடங்கியது. நாகலக்ஷ்மி திரும்பவில்லை.

"ரெண்டாவது டம்ளர் கேட்டாரா?" என்றாள் கடைசியில்.

"ம்."

"நான் உள்ள நின்னேன். எனக்கு யாரும் சொல்லல. நெசமா கேட்டாரா, இல்ல நீ கதைக்காக வச்சியா?"

"அது நெசம் மதினி. பஸ்ஸுதான் நான் வச்சது."

"பஸ்ஸத்தான் நான் நெசம்னு நெனைச்சேன்." அவள் வந்து உட்கார்ந்தாள். "அம்மா சொன்னாளா உனக்கு?"

"மொச்சை உரிக்கையில. ஏதோ ஊர்க்கதை மாதிரி சொன்னாங்க."

"ஊர்க்கதை மாதிரி." நாகலக்ஷ்மி தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்ற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. "அவர மன்னிச்சு மூணு வருஷமாச்சு. தப்பே பண்ணாத மனுஷன உக்காந்து மன்னிச்சிருக்கேன். இப்ப நான் யார மன்னிக்கிறது?"

அனந்தலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் இத அச்சுப் போடல மதினி. கிறிஸ்துராஜ்கிட்ட சொல்லிர்றேன்."

"எத? புத்தகமா வருதா?"

சொன்னாள். ஆடி, மிஷின், அட்டை, நாளைக் காலை, எல்லாம்.

நாகலக்ஷ்மி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் பைண்டு புத்தகத்தை எடுத்து, அந்தத் தாளின் அடியில் விரலை விட்டுத் தையலோடு ஒட்டி உருவினாள். கிழியாமல் வந்தது. தாயும் மகளும் ஒரே கை.

"மதினி, எஸ்டேட் கதை."

"ஒரு வாரம் போனா ஒண்ணும் குடி முழுகாது. அதுல அந்த வாரம் ஒண்ணும் நடந்திருக்காது." தாளை நீட்டினாள். நீட்டிய கையை விடவில்லை. "நான் போடச் சொல்றேன். நல்ல கதை. என்னோடதுங்கிறதுக்காக நல்ல கதைய அமுக்கக் கூடாது. ஆனா இதுல நான் மட்டும் இல்ல, அம்மாவும் இருக்கா. அவ இத வாசிக்கணும். வாசிச்சிட்டு சரின்னா போடு. வேணாம்னா கிழிச்சுப் போட்ரு."

"அத்தை ரெண்டு பக்கக் கதை வாசிக்கிறதில்ல மதினி."

"அது உன் பாடு, உன் மாமியா பாடு" என்றாள் நாகலக்ஷ்மி. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். பஸ் வரும்வரை இரண்டு பேரும் நின்றார்கள்.

அனந்தலக்ஷ்மி வீடு திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். சொக்கநாதன் இன்னும் வரவில்லை. பாலாம்பாள் கூடத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா அவள?"

"பாத்தேன்."

"எளைச்சிருக்காளா?"

"இல்ல அத்தே. நல்லா இருக்காங்க."

"ஹாலாஸ்யம்?"

"அவரு வீட்ல இல்ல." அனந்தலக்ஷ்மி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கால் விண்விண் என்று தெறித்தது. "மதினி உங்கள இத வாசிக்கச் சொன்னாங்க."

மகள் சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தை. நாலு வருஷத்தில் முதல் வார்த்தை. பாலாம்பாள் தாள்களைப் பார்த்தாள், அனந்தலக்ஷ்மியைப் பார்த்தாள்.

"கண்ணாடி எங்க கெடக்கோ. நீயே வாசி."

அனந்தலக்ஷ்மி வாசித்தாள். முதலில் தன் கையெழுத்தில் இருந்ததை. சுளகு ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. திண்டுக்கல் என்பதற்கு அவள் விருதுநகர் என்று போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை இரண்டாவது டம்ளர் கேட்டான்.

சுளகு நின்றது.

அனந்தலக்ஷ்மி நிமிரவில்லை. நிமிர்ந்தால் வாசிக்க முடியாது. தரகர் கண்ணுச்சாமியைத் தாய் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டுப் பேசுகிற இடம் வந்தது. அதை வேகமாக வாசித்தாள்.

"கண்ணுச்சாமி இல்ல" என்றாள் பாலாம்பாள்.

"என்ன அத்தே?"

"தரகர் பேரு சோணைமுத்து." கொஞ்சம் பொறுத்து, "மேல வாசி" என்றாள்.

பின்பாதிக்கு அச்சுத் தாளை எடுத்தாள். பஸ். நெரிசல். குழந்தை. நாகலக்ஷ்மி பார்க்காமல் சொன்ன வரியை இவள் பார்த்து வாசித்து முடித்தாள். வெளியே சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அப்புறம்?" என்றாள் பாலாம்பாள்.

"அவ்வளவுதான் அத்தே. முடிஞ்சிருச்சு."

"எப்படி முடியும்?"

பாலாம்பாள் சுளகை ஓரமாகத் தள்ளினாள்.

"பெத்தவ என்ன ஆனா? அத எழுதலையா நீ?"

"எழுதல."

பாலாம்பாள் கையை நீட்டி இரண்டு தாளையும் வாங்கினாள். கையெழுத்துத் தாளையும் அச்சுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தாள், கண்ணாடி இல்லாமலே. "இத நாகு வாசிச்சாளா? முழுசாவா?"

"முழுசா வாசிச்சாங்க."

"என்ன சொன்னா?"

யாரை மன்னிப்பது என்று நாகலக்ஷ்மி கேட்டதை அனந்தலக்ஷ்மி விட்டுவிட்டாள். "நீங்க சரின்னு சொன்னா அச்சுப் போடச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள். "காலையில கடை திறக்கையில காளவாசலுக்குக் கொண்டு போகணும் அத்தே. நாளைக்கு விட்டா இல்ல."

பாலாம்பாள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. தாள்களை மடித்தாள். மடித்து, மறுபடியும் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்து மெள்ள எழுந்தாள்.

"வாடிப்பட்டிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"எதுக்கு அத்தே? ஏதும் சொல்லணும்னா சொல்லுங்க, நான் சொல்லி விடுறேன்."

பாலாம்பாள் அடுப்படி நிலையில் நின்றாள். திரும்பவில்லை.

"இத எப்படிம்மா சொல்லி விடுறது" என்றாள்.